வடிவம்மாள் நடத்திய ஒத்திகை

பினாங்கில் கால் வைக்கிறவன் முதலில் ஏமாறும் இடம் ரயில் நிலையம். கட்டடம் இருக்கும், மணிக்கூண்டு இருக்கும், டிக்கெட் கொடுக்கிற ஜன்னல்கூட இருக்கும். ரயில் மட்டும் இருக்காது. அது கடலுக்கு அந்தக் கரையில், பிறை என்ற ஊரில் நிற்கிறது. படகேறித்தான் போய்ப் பிடிக்க வேண்டும். அடுத்து ஏமாறும் இடம், அந்த மணிக்கூண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த ஷேக் அலாவுதீனின் விடுதி. 'காற்றோட்டமான அறைகள்' என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தார். காற்று வந்தது உண்மைதான். எதிரே இருந்தது கருவாட்டுக் கிடங்கு.

அந்த விடுதியில் பாய் தட்டிப் போட்டு, தரை கழுவி, அடுப்படியையும் பார்த்துக்கொண்டவள் வடிவம்மாள். 1931இல் அவளுக்கு நாற்பது வயதிருக்கும். இதெல்லாம் அவள் சம்பளத்துக்குச் செய்த வேலை. பெயர் வாங்கித் தந்த வேலை வேறு: காய்ச்சல்காரனை டாக்டர் கண்ணில் மண்ணைத் தூவிக் கப்பலேற்றுவது.

நாகப்பட்டினத்துக்கு மேல்தட்டில் பயணம் போகிற கூலிக்காரர்கள் துறைமுக வாசலில் டாக்டர் முன்னால் ஒவ்வொருவராக நிற்க வேண்டும். இருமினால் வெளியே. நெற்றி சுட்டால் வெளியே. அந்த வருடம் கித்தா எனும் ரப்பரின் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆளைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறைப் படகில் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் நிற்கவே இன்னொருவர் தோளைத் தேடினார்கள்.

வடிவம்மாளிடம் வந்தால் நிற்க வைத்துவிடுவாள். முகத்தில் எண்ணெய் தடவி முரட்டுத் துண்டால் தேய்த்தால் செத்தவனுக்கும் ரத்தம் ஏறும் என்பாள். உதட்டுக்கு வெற்றிலை. இருமலுக்குக் கன்னத்தில் மிளகும் கற்கண்டும். தலைப்பாகைக்குள் நனைத்த துணி, நெற்றி குளிர்ந்திருக்க. கடைசி வித்தை வாசலில். பெட்டியைச் சுமந்துகொண்டு கூடவே போய், டாக்டர் நிமிர்ந்து பார்க்கும் நேரம் பார்த்துக் காதில் ஊதுவாள்: "டாக்டர் கால்சட்டை பின்னால கிழிஞ்சிருக்கு, பாரு." சிரிக்கிறவனை எந்த டாக்டர் நோயாளி என்பார்? இருபது கப்பலாக அந்தக் கால்சட்டை கிழிந்தே இருந்தது.

இவளையும் அந்த வாசலில் ஒருமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 1912இல், கண் நோய் என்று. புருஷன் பக்கிரிசாமி, "அடுத்த கப்பல்ல வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் பதினைந்து நாளில் ஆறியது. அடுத்த கப்பலுக்குப் போய் வரிசையில் நின்றாள். டாக்டர் சரி, போ என்றார். அவளாகவே மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பி வந்து, துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"ஒரு தடவை திரும்பியிருந்தா போயிருப்பேன்," என்பாள் யாராவது கேட்டால். அதற்கு மேல் கேட்டால் துடைப்பம் பேசும்.

சுப்பையாவும் ருக்குமணியும் தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தபோது கப்பலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. சுப்பையா முப்பது வயதுக்காரன், பார்த்தால் ஐம்பது. நெஞ்சில் சளி கட்டி, பேச்சுக்கு முன்னால் இருமல் வந்தது.

"அக்கா, எப்படியாச்சும் ஏத்தி விட்ருங்க," என்றாள் ருக்குமணி. "ஒருத்தரை ஏத்தி ஒருத்தரை விட்டுடாதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போகணும். அவருக்குக் கஞ்சி ஊத்தக்கூட ஆள் கிடையாது."

"ஒண்ணாப் போறதுக்கு இது என்ன கல்யாண ஊர்கோலமாடி? மூக்கைச் சிந்திட்டு உள்ள வா. உனக்கு ஒண்ணும் இல்ல, நீ கல்லு மாதிரி இருக்கே. இவரைப் பார்ப்போம்."

அப்படிச் சொல்லிவிட்டு அவளைப் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

வேளைக்கு வேளை கஞ்சி, கசாயம், ஆவி பிடிக்க வெந்நீர். எல்லாவற்றுக்கும் ருக்குமணிதான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். மழைக்காலம். கண்டல் விறகு ஈரம் குடித்துக் கிடந்தது. "ஊதுடி, நல்லா ஊது," என்று வடிவம்மாள் விரட்டுவாள். அடுப்படியில் ருக்குமணியின் முதுகு மட்டும் தெரியும், மற்றதெல்லாம் புகை.

மூன்றாம் நாள் சுப்பையா எழுந்து நின்றான். விடுதி நடையே துறைமுகமாயிற்று. அலாவுதீன் டாக்டர். கழுத்தில் எண்ணெய் ஊற்றும் புனலை மாட்டிக்கொண்டு, "நாக்கை நீட்டு!" என்று அதட்டினார்.

"தவுக்கே, அவரு நாக்கெல்லாம் பார்க்க மாட்டாரு லா. நீங்க சும்மா முறைச்சாப் போதும்," என்றாள் வடிவம்மாள் முதலாளியிடம்.

"டாக்டரு நானா நீயா, வடிவு?"

சுப்பையா நடந்தான். நான்கு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தான். வடிவம்மாள் விசிறிக் காம்பால் முதுகில் ஒன்று வைத்தாள்.

"என்ன தம்பி பின்னால பார்வை? சொத்தை விட்டுட்டு வந்தியா?"

"இல்லக்கா... அவ வர்றாளான்னு."

"வருவா. வேற எங்க போவா? வாசல் தாண்டினதும் திரும்பவே கூடாது. போன தடவை ஒருத்தன் திரும்பினான், இருமினான், கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கப்பல் ஏறி உட்கார்ற வரைக்கும் நேரா பாரு."

மறுபடி நடந்தான். மறுபடி திரும்பினான். அந்த மனுஷனின் கழுத்து அப்படிப் பழகிவிட்டது. எட்டு வருடமாக விடியலில் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போதும் பின்னால் வருகிறாளா என்று பார்த்தே நடந்தவன். பக்கிரிசாமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த வித்தையை இவனுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வடிவம்மாள் விடவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள்: "சுப்பையா! இங்க பாரு, உன் பெட்டி!" திரும்பினான், அடி விழுந்தது. ருக்குமணியையும் கூப்பிடச் சொன்னாள். அடுப்படியிலிருந்தபடியே அவள், "ஏங்க!" என்றாள். திரும்பினான், இரண்டு அடி. ஐந்தாம் நாள் அவள் மூன்று முறை கூப்பிட்டும் அவன் திரும்பாமல் நடைக்கோடி வரை போனான். அலாவுதீன் கை தட்டினார். ருக்குமணி புகைக்குள் சிரித்தாள்.

"அவரு என்னைப் பார்க்காம நடக்கிறது இதுதான்க்கா முதல் தடவை."

கப்பல் நாள் காலையில் வெற்றிலை, தலைப்பாகை, கற்கண்டு எல்லாம் சரியாக இருந்தன. சுப்பையா முன்னால், ருக்குமணி பின்னால், பக்கத்தில் பெட்டியோடு வடிவம்மாள். டாக்டர் நிமிர்ந்தார். கால்சட்டை கிழிந்தது. சுப்பையா வாய்விட்டுச் சிரித்தான். போ என்று கை காட்டினார்கள். பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்து ருக்குமணி. டாக்டர் கட்டை விரலால் அவள் கீழ் இமையை இழுத்தார். மற்றதையும் இழுத்தார். பக்கத்தில் பேரெழுதிக்கொண்டிருந்த கிராணி, "கண் நோய். தள்ளி நில்லு," என்றான்.

அப்போதுதான் வடிவம்மாள் ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் அரைத்த மிளகாயாக இருந்தன. இமை வீங்கி, ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. ஐந்து நாள் புகை. இந்த வாசலில் இதே கண்ணுக்காக நின்றவள், ஐந்து நாளும் அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, அது புகைங்க! அடுப்புப் புகை! நோய் இல்ல!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அடுத்த கப்பல்ல போகட்டும்."

"ஏங்க!" என்று கத்தினாள் ருக்குமணி. "ஏங்க! ஏங்க!"

சுப்பையா அதற்குள் ஏணிப் பக்கம் போயிருந்தான். அந்தக் குரல் அவன் காதில் விழுந்தது. தோள் ஒருமுறை அசைந்தது, வடிவம்மாள் பார்த்தாள். "சுப்பையா! திரும்பு தம்பி! திரும்பு!" என்று அவளும் தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கழுத்தை இன்னும் நேராக்கிக்கொண்டான். ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாக நடந்ததில்லை. அடிக்குத் தப்பிவிட்ட சந்தோஷம் அந்த முதுகில் தெரிந்தது. படி ஏறி, கூட்டத்துக்குள் போய் மறைந்தான்.

யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று வடிவம்மாள் வாசலில் ஆள் ஆளாகக் கெஞ்சினாள். காவல்காரன் தள்ளிவிட்டான். மத்தியானம் கப்பல் கிளம்பியது.

ருக்குமணியின் கண் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அடுத்த கப்பலுக்குச் சீட்டு மாற்றி எழுதித் தந்திருந்தார்கள். ஆனால் அடுத்த கப்பல் என்பது போன அதே கப்பல்தான். அது போய்த் திரும்பி வர வேண்டும். வந்த அன்று, அதன் மேல்தட்டு ஆட்களை மேய்க்கும் தண்டல் கமால் விடுதிக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். வடிவம்மாள் விசாரித்தாள். ருக்குமணி பக்கத்தில் வந்து நின்றாள்.

கமால் கோப்பையைக் கீழே வைத்தார். "பாயில பாதிய விட்டுட்டு உட்கார்ந்திருந்த ஆளாம்மா? யாரையும் உட்கார விடல. பின்னாலதான் வர்றா, பின்னாலதான் வர்றான்னாரு. கரை மறைஞ்சப்புறம்தான் எழுந்து தேடினாரு. மேல, கீழ, பொம்பளைங்க பக்கம் எல்லாம்."

"எத்தனை நாள் தேடினாரு?" என்றாள் ருக்குமணி.

"மூணு நாள்மா. நாலாம் நாள் காலைல நாங்கதான்... கடல்லதான் விட்டோம்."

ருக்குமணி அழவில்லை. நேரே அடுப்படிக்குள் போனாள். என்ன செய்துகொள்ளப் போகிறாளோ என்று வடிவம்மாள் பின்னாலேயே ஓடினாள். அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே விறகைக் காய வெச்சு எரிங்கக்கா," என்றாள்.

இந்த விஷயத்தில் அவள் சொன்ன ஒரே குறை அதுதான். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கரையில் பாகான் டாலாமில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். வடிவம்மாள் பிறைப் படகு வரை மூட்டையைச் சுமந்துகொண்டு போனாள். படகு கிளம்பியபோது ருக்குமணி திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது. வடிவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறமும் காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். எண்ணெய், வெற்றிலை, கால்சட்டை எதையும் அவள் விடவில்லை. இரண்டு மட்டும் மாறின. கூட வந்தவர் கண்ணைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பாள். ஒத்திகையில் நடக்கிறவனிடம், "பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பாரு," என்பாள். அப்படிப் பார்த்து அந்த வருடம் மூன்று பேர் பிடிபட்டார்கள். வடிவுக்குக் கைராசி போய்விட்டது என்று அலாவுதீனே சொல்ல ஆரம்பித்தார்.

"திரும்பினா மாட்டிக்குவேனேக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"மாட்டிக்கோ," என்றாள் வடிவம்மாள்.