நுரை வராத நாள்

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் புகழ்ந்து பேசுறது ஊர் உலகத்துல நடக்காத சங்கதி. நான் பேசுறேன், கேட்டுக்கோங்க.

எங்க அண்ணி ஒரு குழந்தைகள் காப்பகத்துல சுத்தம் பண்றவங்க. நாலு ரூம், மூணு கழிப்பறை, முப்பது வாண்டுங்க. ரெண்டு வருஷமா மூச்சு இரைச்சுக்கிட்டே கிடந்தாங்க. எல்லாம் பிளீச்சிங் பவுடர் பண்ணின வேலைன்னு டாக்டர் கண்டுபிடிச்சு, "ஒண்ணு அந்தப் பவுடரை விடுங்க, இல்ல வேலையை விடுங்க"ன்னுட்டார். வேலையை விடுறதா? ஒரு நாள் வீட்டுல சும்மா உக்காந்தாலே எங்க அண்ணனோட அலமாரியைக் கலைச்சு மறுபடி அடுக்குறவங்க அண்ணி. அவன் பாவம், ரெண்டு நாளைக்கு சட்டையைத் தேடிக்கிட்டுத் திரிவான்.

நான் மருந்துக்கடையில இருக்கேன். புண் கழுவ நாங்க விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடுல பெரிய பாட்டிலா ஒண்ணு கொண்டுபோய்க் கொடுத்தேன். "தெளிச்சுப் பத்து நிமிஷம் விட்டுத் துடைங்க அண்ணி. வேற எதோடயும் கலக்காதீங்க. நெஞ்சு கமறாது. வேலை முடிஞ்சா தண்ணியும் காத்துமாப் பிரிஞ்சு போயிடும்"னு பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கம் வேற.

காப்பகத்து மேடத்துக்கு நம்பிக்கையே வரல. "வாசனையே இல்லையே, இதுல என்னத்த சுத்தமாகும்?" காலையில பிள்ளைங்களைக் கொண்டுவந்து விடுற அம்மாக்களும் வாசல்லயே மோப்பம் பிடிப்பாங்க. நெடி அடிச்சாதான் கழுவினதா அர்த்தமாம். நல்லா இருக்கே நியாயம்! அந்த நெடியை நாள் முழுக்க நெஞ்சுல வாங்கினது யாரு? கடைசியில மேடம் ஒரு மாசம் பார்க்கலாம்னாங்க. ஒரு குறை வந்தாலும் மறுபடி பவுடர்தான், முடியாதுன்னா வேற ஆள்.

ரெண்டே வாரத்துல அண்ணி மாடிப்படியை எங்கயும் நிக்காம ஏறினாங்க. துடைச்ச தண்ணியைக் கொட்டுற மூலையில கருகிக் கிடந்த புல்லுகூடத் தலை நீட்டுச்சு. பாத்திரம் தேய்ச்ச பழைய பஞ்சு மேல பெராக்சைடைக் கொஞ்சம் ஊத்தினா புசுபுசுன்னு நுரைக்கும். அதைப் பார்க்கத் தினம் வாண்டுங்க கூட்டம் நிக்கும். அண்ணிக்கு "நுரையம்மா"ன்னு பேரே வெச்சாச்சு.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் எனக்கு போன். "ஏம்மா, நுரை வரல."

"எந்த பாட்டில் அண்ணி?"

"பெரிசு தீர்ந்துபோச்சு. ரூமுக்கு ஒண்ணா ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தேனே, அதுல எடுத்தேன். பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு மேல் ஜன்னல்ல வெச்சிருந்தேன். எவ்வளவு மிச்சம்னு பார்க்கிறதுக்கு வசதியா உள்ள இருக்கிறது தெரியுற வெள்ளை பாட்டில்தான்."

"அங்க வெயில் படுமா?"

"சுள்ளுன்னு படும்."

வெயில் பட்டா அது கொஞ்சம் கொஞ்சமா வெறும் தண்ணியாயிடும். அதுக்குத்தானே பழுப்பு பாட்டில்லயே வருது! தினம் அதே பாட்டிலைக் கையால எடுத்துக் கொடுக்கிறவ நான். இதைச் சொல்ல மறந்த என்னைச் செருப்பாலயே அடிக்கணும். அது போதாதுன்னு இன்னொண்ணும் சொன்னேன். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணி. சாயங்காலம் புதுசு கொண்டாரேன். வாசனை இல்லாத சாமான்தானே, யாருக்குத் தெரியப்போகுது?"

"'ஏமாத்துறீங்களா நுரையம்மா'ன்னு பிள்ளைங்க கேக்குதுங்கம்மா"ன்னுட்டு போனை வெச்சிட்டாங்க.

கடையில மாத்து ஆள் வர்ற வரைக்கும் நின்னுட்டு, ரெண்டு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். நான் போறதுக்குள்ள அண்ணி மேடம் ரூம்ல நிக்கிறாங்க. கை ரெண்டும் சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்திருக்கு. "எத்தனை நாளா வெறும் தண்ணின்னு எனக்கே தெரியல மேடம். பொம்மை, மேஜை எல்லாம் அதுலதான் துடைச்சிருக்கேன். இப்போ அத்தனையும் சோப்புப் போட்டுத் திரும்பக் கழுவிட்டேன். நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி."

"தப்பு என்னோடது மேடம்"னு நான் குறுக்க புகுந்தேன். மேடம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "காலையில பேசிக்கலாம்"னாங்க. அன்னிக்கு அண்ணியும் சாப்பிடல, நானும் சாப்பிடல.

மறுநாள் எனக்கு மனசு கேக்காம கூடவே போனேன். அண்ணி கையில புது பழுப்பு பாட்டில்தான், ஆனாலும் எதுக்கும் இருக்கட்டும்னு அதுக்கு எங்க அண்ணனோட கறுப்பு சாக்ஸை வேற மாட்டியிருந்தாங்க. வாசல்ல ஒரு அம்மா, இடுப்புல பிள்ளையோட, மூக்கைச் சுருக்கிக்கிட்டு நிக்கிறாங்க. "நெடியே வரலையே, கழுவினீங்களா இல்லையா?"

அண்ணி முகம் சுண்டிப்போச்சு. வாயைத் திறக்கிறதுக்குள்ள பின்னாலேருந்து மேடம் குரல்.

"கழுவலன்னா அந்தம்மாவே சொல்லிடுவாங்க. நீங்க பிள்ளையை உள்ள விடுங்க."

அவ்வளவுதான். அண்ணி சாக்ஸ் போட்ட பாட்டிலோட விறுவிறுன்னு மாடி ஏறிப் போயிட்டாங்க. ஒரு இரைப்பு இல்ல. நான்தான் கீழ நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தேன்.