பேனரில் கட்டியிருந்த வாட்ச்

கடலூரில் செந்தமிழ்செல்வனோடு ரோட்டில் நடப்பவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். எங்கே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தாலும் நின்றுவிடுவான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, பெயரைப் படித்து, "அடப்பாவமே, இவரா?" என்பார்கள். அவன் மணிக்கட்டைப் பார்ப்பான். செல்லை எடுத்துப் படம் பிடித்து, விரலால் இழுத்துப் பெரிசாக்கி, கட்டியிருக்கிற வாட்ச் என்ன கம்பெனி, உள்ளே என்ன மெஷின் என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டிவிடுவான். "செத்தவங்க மொகத்தப் பாத்து ஒரு கும்புடு போட்டா கொறஞ்சா பூடுவ?" என்று அவன் மனைவி மலர்க்கொடி திட்டாத வாரம் கிடையாது. அதெல்லாம் அவன் காதில் ஏறாது.

ஏறினால் பிழைப்பு ஓடாது. திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், எவனோ கொண்டுவந்த பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து இப்படி ஆகிவிட்டான். பெங்களூர், புனே பக்கமெல்லாம் வாட்ச் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபது வருஷப் பழைய மெஷின் ஒன்றை எடுத்து, வெளிக்கூடாகப் புது கேஸ், புது டயல், புது முள் போட்டு, ஒரே ஒருவருக்கென்று ஒரே ஒரு வாட்ச் கட்டித் தருவார்கள். அவர்களுக்கு மெஷினும் உதிரிச் சக்கரமும் தேடிக் கொடுப்பது இவன் வேலை. பழைய மெஷின் கடையில் தொங்குவதில்லை. யார் வீட்டு பீரோவிலோ துணிக்கடியில் கிடக்கிறது. எந்த வீட்டு பீரோ என்று அவனுக்குச் சொல்வது இந்த பேனர்தான். ஒரே ஒரு நெறி மட்டும் வைத்திருந்தான். கருமாதி முடியாமல் எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டான். பெரிய தர்மவான் என்று நினைப்பு.

இந்தத் தடவை அவன் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. பெங்களூர் சத்யப்பிரியா மேடத்துக்கு ஒரு சுவிஸ் மெஷின் அனுப்பியிருந்தான். யார் கையும் படாதது என்று சத்தியம் செய்து அனுப்பினான். அந்தம்மா அதன் அளவுக்கு வெள்ளியில் கேஸே கட்டிவிட்டு, கடைசியில் மெஷினைக் கழற்றிப் பார்த்தால் அடித்தட்டில் ஒரு நம்பர், மேல்தட்டில் வேறொரு நம்பர். இரண்டு செத்த வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கிய ஒட்டு மெஷின். அவனுக்கு விற்றவன் ஏமாற்றினான் என்பது உண்மைதான். ஆனால் நாலு திருகாணியைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல்பட்டது இவன்.

"அதே மெஷின், ஒட்டு இல்லாம கொண்டுவாங்க. இல்லன்னா குரூப்ல உங்க பேரைப் போட்டுடுவேன்" என்றார் சத்யப்பிரியா. நாட்டில் வாட்ச் கட்டுகிற அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் அது. அதில் ஒரு வரி வந்தால் போதும், அப்புறம் அவனிடம் ஒரு திருகாணி வாங்க ஆள் இருக்காது.

அப்படித் தவித்துக்கொண்டு சிதம்பரம் வந்தவன் கண்ணில், கஞ்சித்தொட்டி முனையில் அந்த பேனர் பட்டது. பொன்னுரங்கம் என்று பெயர். வெள்ளைச் சட்டை, கைகட்டிய நிலை, இடது மணிக்கட்டில் அந்த வாட்ச். விநாடி முள்ளுக்கென்று ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் தனியாகச் சின்ன வட்டம். அதே மெஷின். சந்தேகமே இல்லை. முகம் கொஞ்சம் மங்கலாகவும் கை பளிச்சென்றும் விழுந்திருந்தது. பிளக்ஸ் கடைக்காரன் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினான்.

கருமாதிக்கு மறுநாள் மதியம்வரை சத்யப்பிரியாவிடம் கெஞ்சித் தவணை வாங்கினான். அந்த மறுநாள் காலையில் ஓமக்குளம் டீக்கடையில் விசாரித்தான். பொன்னுரங்கம் மரவாடியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. அது போதும் என்று கிளம்பிவிட்டான். இன்னொரு டீ குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டில் பந்தல் பிரித்துக் கொண்டிருந்தார்கள். கூடத்தில் மாலை போட்ட படம், கழுத்துவரைக்கும்தான் இருந்தது. அதன் கீழே பொன்னுரங்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் பாலகுமார்.

"அண்ணன் நமக்கு ரொம்பப் பழக்கம் அண்ணி. சேதி லேட்டாத்தான் தெரிஞ்சிது" என்றான் செந்தமிழ்செல்வன்.

"எங்க பழக்கம் தம்பி?"

"மரவாடியிலதான். ஏழெட்டு வருசம் இருக்கும். வூட்டுக்கு நெலக்கதவு போட தேக்கு எடுக்க வந்தன். கூடவே நின்னு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாரு."

கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மரத்தப் பத்தி அவுருகிட்ட கேக்கணும். வூட்ல ஒரு வார்த்த பேசமாட்டாரு. ஒங்ககிட்ட நல்லாப் பேசுவாரா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளே குறுகுறுத்தது. நிஜமாகவே குறுகுறுத்தது. ஆனால் சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. பொய்யை இன்னும் கொஞ்சம் இனிப்பாக்கினான்.

"பேசறதா? ரெண்டு கையாலயும் எங்கையப் புடிச்சிக்குவாரு அண்ணி. உடவே மாட்டாரு. அந்தப் புடி இன்னும் எங்கையில இருக்குது."

கொளஞ்சியம்மாளின் முந்தானை கண்ணருகே அப்படியே நின்றது. சுவரில் சாய்ந்திருந்த பாலகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். துக்கத்தில் வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்ட செந்தமிழ்செல்வன், இதுதான் நேரமென்று விஷயத்துக்கு வந்தான்.

"கையில ஒரு பழைய வாட்ச் கட்டியிருப்பாரே, அது மேல எனக்கு ஒரு ஆச. அண்ணன் ஞாபகமா வெச்சிக்குவன். வெலை என்னா சொன்னாலும்…"

"எந்தக் கையில?" என்றான் பாலகுமார்.

"எடது கையிலதான் தம்பி."

பாலகுமார் எழுந்து கதவைச் சாத்தினான். செல்லை எடுத்து, ஒரு படத்தைத் தேடி அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். மரவாடி. அறுத்த பலகைகளுக்கு நடுவே பனியன் போட்ட பொன்னுரங்கம். வலது கையில் டீ கிளாஸ். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பழைய காயம், தோல் மூடி வழவழப்பாகிவிட்டது.

"நான் ரெண்டாவது படிக்கும்போது ரம்பத்துல போன கை. ஏழெட்டு வருசத்துக்கு முன்ன ரெண்டு கையால புடிச்சாராய்யா ஒன்ன?" செந்தமிழ்செல்வனின் சட்டை பாலகுமாரின் பிடிக்குள் இருந்தது. "பேனர்ல இருக்கறது எவன் ஒடம்போ. கடைக்காரன் கம்ப்யூட்டர்ல இருந்தது. எங்கப்பா தலைய மட்டும் ஒட்னான். யார்யா நீ? என்னா நோட்டம் பாக்க வந்த?"

அந்த நேரம் பார்த்து செந்தமிழ்செல்வனின் சட்டைப் பையில் செல் அடித்தது. பாலகுமாரே அதை உருவி, பெயரைப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு, "பேசு" என்றான்.

"செல்வன், அந்த பேனர் வாட்ச் கெடைச்சுதா? வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?" சத்யப்பிரியாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "சொல்லுங்க. நான் வெயிட் பண்ணிட்டிருக்கேன்."

நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லலாம். பீரோ சாவி கிடைக்கவில்லை என்று சொல்லலாம். வாயில் வந்துவிட்டதுகூட. எதிரே கொளஞ்சியம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு உடம்பு கூசியது.

"அந்த வாட்ச் இல்ல மேடம். அவுருக்கு அந்தக் கையே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் பேனரப் பாத்து மோசம் போயிட்டன். மொதல்ல அனுப்புனதும் அப்படித்தான். தெறந்தே பாக்காம நல்ல மெஷின்னு சொல்லி அனுப்புனன். ஒட்டுதான் அது. வேற எங்கிட்ட இல்ல."

"சரி. குரூப்ல போட்டுடறேன். தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். இத்தனை வருஷம் ஓடி ஓடிச் சேர்த்த பெயர் அரை நிமிஷத்தில் போய்விட்டது.

பாலகுமார் சட்டையை விட்டான். செல்லை அவன் கையில் திணித்தான். "வாட்ச் பொறுக்க வந்தியா? எழவு வூட்ல? போய்யா வெளிய."

செந்தமிழ்செல்வன் கதவுப்பக்கம் திரும்பினான்.

"தம்பி, நில்லுங்க" என்றார் கொளஞ்சியம்மாள். "அந்த பேனர நெசமாவே நம்பிட்டீங்களா?"

"நம்பிட்டம்மா." அண்ணி என்று கூப்பிட இப்போது வாய் வரவில்லை.

"ரெண்டு கையும் அவுருதுதான்னா?"

"ஆமாம்மா. எனக்கு வேற எதுவுமே தோணல."

கொளஞ்சியம்மாள் மகனைப் பார்த்தார். "இருவது வருசமா அந்தக் கைய துண்டு போட்டு மறச்சிக்கிட்டே திரிஞ்சாருடா. கடைசியாவது முழுசா இருக்கட்டும், ரெண்டு கையும் வெச்சிக் குடுன்னு நாந்தான் பிளக்ஸ் கடையில சொன்னன். வந்தவன் போனவன்லாம் பாத்துட்டு சிரிச்சான். ஒங்க அத்தகூட, இல்லாத கைய எதுக்குடி வெச்சன்னு பந்தல்ல கேட்டா. ஒங்கப்பனுக்கு ரெண்டு கையும் இருந்துதுன்னு நம்பி இந்த வூட்டுக்கு வந்த ஒரே ஆளு இவுருதான். கதவத் தெறந்து உட்டுட்டு, எலை போடு. சாப்ட்டுட்டுப் போவட்டும்."