வடை வாசமடித்த சிந்தெற்றிக் ஒயில்

இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில் எந்தப் போத்தலிலும் எழுதியிருந்த சாமான் உள்ளே இருந்ததில்லை. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும், பால்மாத் தகர ரின்னில் வண்டிக்குப் பூசும் கிறீஸ் இருக்கும். இது தெரிந்தும் ஏமாந்த மகான் நான்.

மண்ணெண்ணெயில் ஓடிய என் பழைய காருக்கு எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. கராச்சுக்கார அண்ணை, ஏற்கெனவே பாவித்து, துணியில் வடித்தெடுத்த சாதாரண ஒயிலை நீட்டினார். தார் போலக் கறுப்பு.

"சீ! இதையோ என்ர காருக்கு விடுறது?"

சந்தையில் 'சிந்தெற்றிக்', அதாவது உயர்ரகச் செயற்கை ஒயில், என்று எழுதிய பளபளப்பான ரின் ஒன்றை வாங்கி வந்து ஊற்றினேன். நிறைமாதமாயிருந்த மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"என்னப்பா, வடை வாசமடிக்குது?"

"அது வெளிநாட்டு வாசம். உமக்கு ஒயிலைப் பற்றி என்ன தெரியும்?"

மறுநாள் அவளுக்கு வலி கண்டது. ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், கருகிய பலகார எண்ணெய் நாற்றத்தோடு புகை காருக்குள் புகுந்தது. அவள் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள், நானும் எடுத்தேன். எஞ்சின் இறுகி நின்றது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தேன். நுனியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

வலிக்குள்ளும் அவள் கேட்டாள்: "வடைக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பலும் கொண்டந்தனீங்களோ?"

நெல்மூட்டை ஏற்றி வந்த உழவு இயந்திரம் ஒன்றுதான் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மகள் சுகமாகப் பிறந்தாள்.

மகளுக்கு இப்போது வடை என்றால் உயிர். எனக்கோ அந்த வாசம் வரும்போதெல்லாம் 'உமக்கு என்ன தெரியும்' என்று கேட்ட என் குரலும் கூடவே வந்துவிடுகிறது.