யாரும் சாகாத தொடர்கள்

மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு ஃபோன் வந்தது. பேசியவர் சித்தப்பாவோடு வேலை பார்க்கும் இன்னொரு மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார்: "ஃபோன்ல ஏதோ கொரியன் படம் ஓடிட்டிருந்துச்சுங்க. நான்தான் நிறுத்தினேன்."

அது படம் இல்லை, ஒரு பேக்கரிக்காரியின் காதலைச் சொல்லும் தொடர். மொத்தம் பதினாறு எபிசோடு. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடைசி எபிசோடு. அன்று மாலை ஏழு மணிக்கு அதைச் சித்திக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தார்.

படித்துக் காட்டுவது என்றால், திரையின் அடியில் ஓடும் ஆங்கில சப்டைட்டிலைத் தமிழில். சித்தி ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நான்கு வருடம் முன்பு அந்தக் கண்களின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரம் தெரியும், நிறம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். நேராகப் பார்த்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறைதான். எழுத்து சுத்தமாகத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், ரேடியோவைக்கூட அணைக்கச் சொன்னார்.

"எனக்கிருக்கிற சோகமே போதும். யாராவது சாகிற கதை எதுவும் இனிமே என் காதுல விழக் கூடாது" என்று சித்தப்பாவிடம் கறாராகச் சொன்னார். சித்தப்பா சரியென்று வாக்குக் கொடுத்தார். கொரியத் தொடர் என்றால் என்னவென்றே அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பார்.

அறிமுகம் லிஃப்டில்தான் நடந்தது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண்ணை மீட்கப் போயிருக்கிறார். அன்று மாலை சித்தியிடமும், அவர்களோடு தங்கியிருந்த என்னிடமும் அதை நடித்தே காட்டினார்.

"நாப்பது நிமிஷம் உள்ளே மாட்டினவங்க அழுவாங்க, கதவை உதைப்பாங்க, என் பரம்பரையையே திட்டுவாங்க. இந்தப் பொண்ணு ஃபோன்லேர்ந்து தலையைக்கூடத் தூக்கலை! 'அங்கிள், ரெண்டே நிமிஷம், முடியப் போகுது'ங்குது. ஏணியில நின்னுக்கிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் பையன் சூடான நூடுல்ஸை ஊதி ஊதி அவளுக்குக் கொடுக்கிறான்..."

"நீங்க எனக்கு என்னைக்காவது ஊதிக் கொடுத்திருக்கீங்களா?" என்றார் சித்தி.

"நீ ஆறினப்புறம்தானே சாப்பிடுவே!"

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டார்கள். மாலை ஏழு மணி, ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, கூடவும் கூடாது குறையவும் கூடாது. சோபாவில் சித்தி வலது பக்கம், சித்தப்பா இடது பக்கம். மாமியார், முதலாளி, காதலன், குழந்தை எல்லாருக்கும் சித்தப்பா ஒருவரே குரல். அவருடைய ஆங்கிலம் லிஃப்ட் கையேடுகளைப் படித்து வந்த ஆங்கிலம். அதனால் காதலர்கள் எல்லாரும் மெக்கானிக் மாதிரியே பேசினார்கள். "என் மனசுல ஓவர்லோடு ஆயிடுச்சு, இனி யாரையும் ஏத்த முடியாது" என்று ஒரு கதாநாயகன் சொன்னபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தரையைத் துடைக்க வேண்டியதாயிற்று.

கொரியப் பெயர்கள் வாயில் நுழையாததாலும், சித்திக்கு முகம் தெரியாததாலும், ஆட்களுக்கு உடுப்பை வைத்தே பெயர். மஞ்சக்குடை, சிவப்பு ஸ்வெட்டர், நீலக்கோட்டு. நடுவில் உடுப்பு மாற்றினால் குழப்பம்தான். "இவன் யாருங்க புதுசா?" "அதே சிவப்பு ஸ்வெட்டர்தாம்மா, துவைக்கப் போட்டிருக்கான்."

சாப்பாட்டுக்கும் ஒரு சட்டம் வந்தது. திரையில் என்ன சாப்பிடுகிறார்களோ, அது கையில் இருக்க வேண்டும். அந்த உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றார் சித்தி. ராம்யன் என்ற நூடுல்ஸ் பாக்கெட்டில் கிடைத்தது. சோற்றைக் கடற்பாசித் தாளில் உருட்டும் கிம்பாப்பைச் சித்தப்பா சுற்றப் பழகினார். முதல் நான்கும் பிரிந்து சோறும் காரட்டும் தனித்தனியே போயின. அரிசி மாவை வேகவைத்து, உருட்டி, காரக் குழம்பில் போடும் டொக்போக்கி மட்டும் கடைசி வரை கைகூடவில்லை. "பஸ் டயரை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் சித்தி. ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பியது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, முதல் தொடரின் ஒன்பதாவது எபிசோடில் கதாநாயகியின் தம்பி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

சித்தப்பா ஒரு நொடிதான் தடுமாறினார். "தம்பி வெளிநாடு போறான்மா. அதான் எல்லாரும் அழறாங்க."

மறுநாள் முதல் அவர் ஏமாறவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் அறையில், அன்று மாலைக்கான எபிசோடை முன்கூட்டியே பார்த்தார். எங்கெங்கே யார் சாகிறார்கள், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று பராமரிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டார். ஒருநாள் நான் அந்த நோட்டைப் பிரித்துவிட்டேன். "எபி. 11: அப்பாவுக்குக் கேன்சர். வாயு என்று சொல்லவும். எபி. 12: போட்டோவுக்கு வெள்ளைப் பூ. பிரமோஷன்." சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சித்திகிட்ட மூச்சு விடாதே."

சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். வெளிநாடு போன தம்பி பழைய நினைவாக வந்து நிற்பான். "லீவுக்கு வந்திருக்கான்" என்பார் சித்தப்பா. "அம்மாவைப் பார்க்காம வந்துட்டுப் போறானே?" "ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

அந்த வாயு அப்பாவின் கட்டில் அருகே குடும்பமே கூடி அழுதது.

"வாயுத் தொல்லைக்கா இத்தனை பேர் அழறாங்க?"

"கொரியாவுல வாயு ரொம்ப மோசம்மா. எல்லாரும் முட்டைக்கோஸ்தானே சாப்பிடறாங்க."

முட்டைக்கோஸ் சாப்பிடுவது கிம்ச்சியாக. அதையும் சித்தப்பா வீட்டில் போட்டார். இலைகளை உப்பில் ஊறவைத்து, பூண்டும் இஞ்சியும் மிளகாய்த்தூளும் அரைத்துப் பூசி, பெரிய ஜாடியில் அமுக்கி, தன் தொழில் புத்தியோடு மூடியை ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டார். அது புளிக்கப் புளிக்கக் காற்று விடும் என்பது அவருக்குத் தெரியாது. நான்காம் நாள் மாலை, கதாநாயகன் மோதிரத்தை நீட்டும் நேரத்தில் சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம்.

"ஐயோ, சுட்டுட்டாங்களா?" என்று சித்தி துள்ளி எழுந்தார்.

"இல்லல்ல, பட்டாசு! கல்யாணப் பட்டாசு!" என்று பழக்க தோஷத்தில் சித்தப்பாவின் வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தோம். சுவரெல்லாம் சிவப்பு. கூரையிலிருந்து ஓர் இலை தொங்கியது. "லிஃப்டுக்கு எட்டு சேஃப்டி வெக்கிறேன், ஒரு ஜாடிக்கு வெக்கலையே" என்று தலையில் கைவைத்து நின்றார். சித்தி சுவரைத் தடவி விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். அதன் பிறகு போட்ட எல்லா ஜாடிக்கும் மூடி தளர்வாகவே இருந்தது.

நான்கு வருடத்தில் அறுபது தொடர்களாவது ஓடியிருக்கும். சித்தியின் வீட்டில் யாரும் சாகவில்லை.

சித்தப்பா போன மூன்றாவது வாரம், ஒரு மாலை, சித்தி சோபாவின் வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பதினாறாவது பாக்கி இருக்கு. நீ படிக்கிறியா?"

"படிக்கிறேன் சித்தி" என்றேன். 

"நாளைக்கு ஏழு மணிக்கு. இன்னைக்கே ஒரு தடவை பார்த்து வெச்சுக்கோ. அவர் நோட்டு பைக்குள்ள இருக்கு, அதையும் எடுத்துக்கோ."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "நோட்டு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்ன வேலை பார்த்தேன்? அடுத்தவங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கினவ. கொரியன்ல அழுதா என்ன, அழுகைக்கு யாராவது சப்டைட்டில் போடணுமா? நம்ம வீட்டுல மட்டும் நாப்பது பேருக்கு மேல வெளிநாடு போயிருக்காங்க. ஒருத்தராவது ஒரு லெட்டர் போட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தியும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

"அப்புறம் ஏன் சித்தி அவர்கிட்ட சொல்லலை?"

"பத்தாவதோட படிப்பை நிறுத்தின மனுஷன், சோத்தை ஆற விட்டுட்டு, மெஷின் சத்தத்துல உட்கார்ந்து எனக்காகக் கதை எழுதறார். அதுல போய் நான் சிவப்பு மை போடுவேனா?"

பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். "நாளைக்கு உள்ளதை உள்ளபடி படிக்கவா, சித்தப்பா மாதிரி படிக்கவா?"

"அவர் மாதிரிதான். பேக்கரிக்காரி நல்லா இருக்கணும். அவளோட நீலக்கோட்டு எங்கேயும் போகக் கூடாது. வெளிநாட்டுக்குக்கூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்." எழுந்தவர் திரும்பி நின்றார். "என்ன சாப்பிடறாங்கன்னும் பார்த்துச் சொல்லு. வாங்கி வெக்கணும்."

ராம்யன் சாப்பிடுகிறார்கள். எழுபத்தைந்து நிமிட எபிசோடில் பன்னிரண்டாவது நிமிடம், பேக்கரி அடைத்த பிறகு, அடுப்புப் பாத்திரத்திலிருந்தே. சித்தியிடம் சொல்லிவிட்டேன். கூடவே வைத்துக்கொள்ள, சித்தப்பா போட்ட கடைசி கிம்ச்சி ஜாடி ஃபிரிட்ஜில் தளர்ந்த மூடியோடு இருக்கிறது.

எபிசோடை இரண்டு முறை பார்த்துவிட்டேன். நாற்பதாவது நிமிடத்திலிருந்து ஆஸ்பத்திரி. கட்டில் காலியாக இருக்கிறது. கோட்டு நாற்காலியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சித்திக்கு அந்த நீலம் தெரியும், அதைத் துவைக்கப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

நோட்டில் பதினாறு என்ற எண்ணைச் சித்தப்பாவே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதன் கீழே என் கையெழுத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் பேக்கரிக்காரி அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அவள் ஏன் அழுகிறாள் என்பதை இன்னும் எழுதவில்லை.