இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் சொன்னேன்

எழுதிப் பிழைக்கலாமா என்று கேட்டு என்னிடம் சிலர் வருகிறார்கள். கல்முனையில் எந்தக் கந்தோரிலும் வேலைக்குச் சேராமல், வீட்டிலிருந்தபடியே பிறருக்கு எழுதிக் கொடுத்து உழைக்கிற ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் நேரில் அதிகம் கதைக்கிறவன் அல்ல. வருகிறவர்கள் தேநீர் குடித்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருந்துவிட்டு, எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நான் சரியாகச் செய்ததை விட, செய்யாமல் விட்டதே இதில் கூடுதலாக இருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு பஸாரில் ஓர் அச்சகத்தில் கடதாசி வெட்டும் வேலை. கல்யாண அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் முதலாளியிடம் நல்லதாக நாலு வரி கேட்பார்கள். அவருக்கு நேரம் இருக்காது. வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு நான் எழுதிக் கொடுப்பேன். அழைப்பிதழ்கள் எல்லாம் தொலைபேசிக்குள் போன காலத்தில் அச்சகம் மூடப்பட்டது. ஆனால் வரி கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். இந்தத் தொழிலை நான் தேடிப் போகவில்லை. கதவைத் திறந்தேன், அது வாசலில் நின்றது.

ஒருவர் இறந்தால் போடுகிற ஜனாசா அறிவித்தல், கடைத் திறப்பு விளம்பரம், ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்பும் மடல், பாடசாலை விழாவில் தலைவர் வாசிக்கிற உரை என்று எல்லாம் எழுதுவேன். எழுதுவதற்கு முன் கேளுங்கள் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. யார் வாசிக்கப் போகிறார், எங்கே வாசிக்கப் போகிறார் என்று கேளுங்கள். பெயர்களை இரண்டு தரம் கேளுங்கள். ஒரே பெயரை ஒரு குடும்பம் ‘ஹ’ போட்டு எழுதும், பக்கத்துக் குடும்பம் ‘க’ போட்டு எழுதும். கல்யாணத்தில் பிழை விட்டால் சிரித்துவிடுவார்கள். ஜனாசாவில் பிழை விட்டால் திருத்திப் போட இன்னொரு நாள் கிடையாது.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஒரு சங்கத் தலைவருக்கு நான் எழுதிய உரையில் ஒரு வசனம் நீண்டுவிட்டது. மேடையில் அவருக்கு மூச்சு முட்டி, பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு வளவில் நடந்துகொண்டு வாசித்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆரோட இப்பிடிச் சண்டையில கொழுவுறார் என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். வராதது வேறொன்று. எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. ஆண் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வருவான். நானும் அப்படித்தான் வந்தேன். காலையில் வெளிக்கிட்டு மாலையில் வருகிற ஆணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மனைவியின் தம்பிகளில் ஒருவர் சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறார், மற்றவர் மீன் லொறி ஓட்டுகிறார். நான் மட்டும் நாள் முழுக்க ஜன்னலடியில் தொலைபேசியோடு இருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமி, “மருமகன் சும்மா வீட்டதான் இரிக்காரு” என்பார். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்வதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். காஸ் சிலிண்டர் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். தேங்காய் பறிக்க ஆள் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எழுதிக் கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. நீங்கள் சொல்லுங்கள். இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை எனக்கு வேலை என்று தொடங்குகிற அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது கோபம் போலக் கேட்கும்.

நான் எழுதுகிற எதிலும் என் பெயர் இராது. இறந்தவரின் பெயர் இருக்கும், கடையின் பெயர் இருக்கும். அதுதான் முறை. ஆனால் என் பெயரோடு ஏதாவது ஒரு பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை ஒன்று வந்தால், நான் வாய் திறக்காமலே என் வேலை என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஓர் ஆசை எனக்கு இருந்தது. வேறு பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு தடவை சம்மாந்துறையில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் அரிசிப் பையில் போட வாசகம் கேட்டார். பத்துச் சொல்லுக்காக பஸ்ஸில் போய் வந்தேன். முன்னால் போன உழவு இயந்திரத்தை பஸ் முந்த முடியாமல், வழி முழுக்க அதன் வேகத்திலேயே போனது. பஸ்ஸில் இருந்தவர்களும் உழவு இயந்திரத்துப் பெட்டியில் இருந்தவர்களும் மாறி மாறிக் கதை கொடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு கல்யாணச் சம்பந்தம் வரைக்கும் போய்விட்டார்கள். அதை அப்படியே எழுதி, கொழும்பிலிருந்து வரும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டார்கள், என் பெயரோடு.

மனைவி அதை மாமிக்கு வாசித்துக் காட்டினாள். மாமி பெயரை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். லொறி ஓட்டுகிற மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

“மச்சான், பஸ்ஸில போனதெல்லாம் பேப்பர்ல போடுவாங்களா? நான் ஒவ்வொரு நாளும் கொழும்புக்குப் போய் வாறன். எனக்கு ஒரு புத்தகமே போடோணுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் என் எழுத்தைப் பற்றி நடந்த முதல் பேச்சு அது.

அந்தக் கிழமையே பத்திரிகையிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கத்தின் ஆசிரியர் எங்கள் கரையைச் சேர்ந்தவர், அட்டாளைச்சேனைப் பக்கம். கொழும்பில் பல வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை, மூத்தவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்.

“காக்கா, நல்லா இரிக்கி. நம்மட பக்கத்தப் பத்தி இப்பிடி எழுதுறதுக்கு ஆள் இல்ல. கிழமைக்கு ஒண்டு தாங்க. வாற வியாழனுக்கு முதலாவது தர ஏலுமா?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

முடியாவிட்டால் தயங்காமல் சொல்லும்படி அவர் சொன்னார். ஏலாததா? அப்போதே மனதுக்குள் முதல் வசனம் வந்துவிட்டது. ஆனால் பெரிய வாய் வைக்கக் கூடாது, கிடைக்கும் முன் கிடைத்ததாகக் காட்டக் கூடாது என்ற பயம்.

“இல்ல, பார்ப்பம். இன்ஷா அல்லாஹ்” என்றேன். ஸலாம் சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் ஊர்களை அறியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். அல்லாஹ் நாடினால் என்பதுதான் அதன் பொருள். நாளை நடக்கப் போகிற எதையும் அதைச் சொல்லாமல் நாங்கள் சொல்வதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவும் எங்களுக்கு வராது. போக நினைக்காத கல்யாணத்துக்கு அழைத்தாலும் அதைத்தான் சொல்கிறோம். சுவர் கட்ட நாளைக்கு வர மாட்டாத மேசன் பாசும் அதைத்தான் சொல்கிறார். அந்தச் சொல்லைத் திரைச்சீலையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுகொள்கிறோம். உண்மையாகச் சொல்கிறவரும் மழுப்பிச் சொல்கிறவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். எனக்கோ குரல் எப்போதுமே சின்னது. கேட்டவர் யாழ்ப்பாணத்தவராகவோ கொழும்புக்காரராகவோ இருந்திருந்தால் ஓம், சம்மதம் என்றே எடுத்திருக்கலாம், அல்லது இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். அவர் எங்கள் ஆள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, பிழையாக.

நான் எழுதினேன். இரண்டு தரம் மாற்றி எழுதி, வளவில் நடந்து வாசித்து, புதன்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அனுப்பினேன். பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு குரல் செய்தி வந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் கேட்டது.

“காக்கா, நீங்க இன்ஷா அல்லாஹ் எண்டு சென்னதால ஏலாதாக்கும் எண்டு நினைச்சிட்டன். அந்த இடத்த நிந்தவூர் மாஸ்டர் ஒராளுக்குக் குடுத்திட்டன். அவரு உடன ஓம் எண்டிட்டாரு. வேணுமெண்டா கிழம மாறிக் கிழம ரெண்டு பேரையும் போடுவம். என்ன செல்றீங்க?”

பரவாயில்லை, அவரே எழுதட்டும் என்று எழுத்தில் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மனைவி கதவடிக்கு வந்தாள்.

“என்ன செல்லி அனுப்பினீங்க?”

“பரவாயில்ல எண்டு.”

“ஆருக்குப் பரவாயில்ல?”

நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“அந்த மனிசன் உங்களுட்டத்தானே கேட்டாரு, என்ன செல்றீங்க எண்டு” என்றாள். “உங்கட வாய்க்கு வெளிய ஒரு வாய் வெச்சாத்தான் நல்லம்.”

அதோடு நிறுத்தாமல் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆனால் அதன் பிறகு வேலைக்கு வருகிற அழைப்புகளை அவளே எடுக்கத் தொடங்கினாள். ஓம், எழுதுவாரு, ஞாயிற்றுக்கிழமை தருவாரு, இன்ஷா அல்லாஹ் என்று அவள் சொல்லும் ஒழுங்கைக் கேட்டுத்தான் நான் படித்தேன். வேலை வந்தால் முதலில் ஓம் என்று சொல்லுங்கள். பிறகு நாளைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இன்ஷா அல்லாஹ் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கும் அதுதான் மரியாதை. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள். எதிரில் இருக்கிறவர் உங்கள் மனதை வாசித்துவிடுவார் என்று நம்பாதீர்கள். நாங்கள் எழுதுகிறவர்கள். மனதில் இருப்பதைச் சொல்லாக்குவதற்குத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

மாஸ்டரின் எழுத்து கிழமைக்குக் கிழமை வந்தது. நன்றாகத்தான் எழுதினார். சில கிழமைகளில் நான் எழுத நினைத்ததையே எடுத்திருப்பார், வேறு வழியால் போயிருப்பார். பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரிப்பேன். மாறி மாறிப் போடலாம் என்று சொன்னீர்களே, எனக்கு இப்போது விருப்பம் என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். எழுதுவேன், அழிப்பேன். மாஸ்டரின் இடத்தைக் கேட்பது போல் ஆகிவிடுமோ என்று பயம். பெருநாள் முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு நாள் பத்திரிகை மெலிந்து வந்தது. விரித்துப் பார்த்தால் அந்தப் பக்கமே இல்லை. கடதாசி விலை ஏறியதால் பக்கங்களைக் குறைத்துவிட்டார்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அந்த ஆசிரியரைக் கண்டேன். ஊருக்கு வந்து திரும்புகிறவர், கல்முனையில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுக் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றார். வாட்ஸ்அப்பில் இருந்த படத்தை வைத்து அவர்தான் என்னை அடையாளம் கண்டார். பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தோம். எனக்கு விருப்பமில்லை என்றே அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம்.

“எங்கட வாப்பாவும் வரமாட்டன் எண்டா இன்ஷா அல்லாஹ் எண்டுதான் செல்லுவாரு” என்று சிரித்தார். பிறகு கேட்டார். “அண்டைக்கு அனுப்பினீங்களே, அது என்ன காக்கா? இடம் போயிட்டெண்டு நான் திறந்தும் பாக்கல்ல.”

நான் சொன்னேன். எங்கள் ஊரில் முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்கிற ஒருவரைப் பற்றியது. காலையில் புடவைக் கடை மலிவு விற்பனையைச் சொல்லிக்கொண்டு போவார். இடையில் ஜனாசா அறிவித்தல் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துவார். ஒலிபெருக்கியை அணைத்து, தண்ணீர் குடித்து, சும்மா கொஞ்ச நேரம் இருப்பார். குரலில் ஒட்டியிருக்கும் மலிவு விற்பனை இறங்கிப் போகட்டும் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். இறந்தவரின் வீதிக்கு வரும்போது தன்னையறியாமல் வேகத்தைக் குறைப்பார். வீட்டில் அவர் பேசுவது மனைவிக்கே கேட்காது.

என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒருவரிடம் தொடர்ந்து நான் கதைத்ததில்லை. ஆசிரியர் தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றது. நடத்துநர் கொழும்பு, கொழும்பு என்று கூப்பிட்டார். ஆசிரியர் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“இதத்தானே காக்கா நான் கேட்டன்” என்றார்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.