அரிச்சல்முனையில் பைக்குக் காவல் யார்?

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், பஞ்சவர்ணம். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, எனக்கு மதினி, ராக்கம்மாள். என் மகனுடைய மகள் காவியா. வண்டி ஓட்டிய சேசுராசு, தங்கச்சிமடத்துக்காரர். அவ்வளவுதான். பின்னால் வேறு யாராவது 'நானும் போயிருந்தேன்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இது காவியா நடத்துகிற பயணப் பக்கம். வழக்கமாக அவள்தான் எழுதுவாள். இந்தத் தடவை நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையை அவள் திருத்திக்கொள்ளலாம், விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று பேச்சு.

தை மாதம் கதிரடிப்பு முடிந்ததும் மகன் போன் செய்தான். "அம்மா, கொடைக்கானல்ல ரூம் போடவா?" என்றான். ஊரெல்லாம் போர்த்திக்கொண்டு உட்காருகிற இடத்துக்குப் போய் நானும் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டுமா? "அரிச்சல்முனைக்கு வண்டி போடு" என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

பாம்பனில் தரைப்பாலம் திறந்த புதிதில், முப்பத்தேழு வருசத்துக்கு முன்னால், குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். அப்போது தனுஷ்கோடிக்கு ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மீன் ஏற்றுகிற வேனில் மணலுக்குள் போக வேண்டும். வேனில் ஒரு ஆளுக்கு இடம் குறைந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "அக்கா ஒன்னைய பையப் பாத்துக்கிடச் சொல்லுச்சு. நாங்க வந்த பெறகு நீ போவியாம்" என்றார். மூன்று பை, ஒரு துணி மூட்டை, கழற்றிப் போட்ட செருப்புகள். காலை பத்து மணியிலிருந்து பகல் இரண்டு இருபது வரை ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது வேன்காரர், "இனி மீனுக்குத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டார். என் எட்டு வயது மகன்கூடப் பார்த்துவிட்டான். நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து மதினி என் வீட்டுக்கு வந்தால் "வாங்க" என்பேன். "உக்காருங்க" என்றது கிடையாது. அவராக உட்கார்ந்துகொள்வார். இந்தத் தடவை அரிச்சல்முனை மண்ணை மிதிக்காமல் திரும்புவதில்லை என்று இருந்தேன். அப்போது பார்த்து இவர், "அக்காவும் வரட்டுமே, ஆச பாவம்" என்றார்.

அபிராமத்தில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆறு மணிக்குக் கமுதியில் மதினியை ஏற்றினோம். வயது எழுபத்தொன்பது, முழங்கால் வலி. நடுச்சீட்டில் அவருக்கும் எனக்கும் நடுவில் காவியாவைச் சுவர் மாதிரி உட்கார வைத்தேன். சாயல்குடி போகும்போது ஏழு மணி. வண்டி மீட்டரில் நாற்பத்தாறு கிலோமீட்டர். அங்கே பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் டீ குடிக்கலாம் என்றார் இவர். பதினோரு வருசத்துக்கு முன்னால் அந்தக் கடையில் எனக்கு ஆறிப்போன டீ கொடுத்தார்கள். அடுத்த கடையில் குடித்தோம்.

சாயல்குடியிலிருந்து மாரியூருக்கு உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் பனை. கடற்கரையை ஒட்டிச் சிவன் கோயில், ஆள்கூட்டமே இல்லை. ராமேஸ்வரத்தில் இடித்துப் பிடித்துக் கும்பிடுவதற்கு முன்னால் இங்கே ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள், மனசு விரியும். காலையில் கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து ஒரு பெண் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். காவியா போட்டோ எடுக்கலாமா என்று கேட்டாள்.

"எடு எடு. என்னைய எடுக்காட்டியும் மீன எடு. அதுதான் இன்னைக்குச் செத்துரும்" என்றார்.

மதினி வண்டிக்குள் இருந்தபடியே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வேறு பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அங்கிருந்து கடலோர ரோட்டில் ஏர்வாடி, கீழக்கரை. ரோடு நன்றாக இருக்கிறது. இடது கைப் பக்கம் கருவேலங்காடு, வலது கைப் பக்கம் அங்கங்கே கடல் எட்டிப் பார்க்கும். கீழக்கரையில் பத்தே முக்காலுக்குத் தொதல் வாங்கினோம். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுகிற இனிப்பு. கையில் நெய் ஒட்டினால்தான் நல்ல தொதல். மதினி முதல் துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக் காவியா கையில் கொடுத்தேன். அடுத்த துண்டை நானே எடுத்துத் தின்றேன்.

மத்தியானச் சாப்பாடு புதுமடத்தில். மெயின் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் உள்ளே போக வேண்டும். சேசுராசுக்குத் தெரிந்த வீடு. முதல் நாளே போன் செய்து சொன்னால் சமைத்துத் தருகிறார்கள். ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய். விளமீன் குழம்பு, பொரித்த மீன், ரசம். சமைத்துப் போட்ட அம்மா, "இன்ஷா அல்லா அடுத்த தடவ முன்னாடியே சொல்லிட்டு வாங்க, நண்டு ஆக்கித் தாரேன்" என்றார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார். சாப்பிட்ட பிறகு கட்டிலைப் பார்த்தார். படுத்தார். ஐம்பது நிமிடம் போயிற்று.

அரிச்சல்முனைக்குப் போகிற வண்டிகளைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் விடுவதில்லை. இதை நான் காலையிலிருந்து நாலு தடவை சொல்லியாகிவிட்டது. உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாலத்தடிக்கு வரும்போது மணி மூன்று ஐம்பது. பாலத்தில் ஏறும் முன்னால் இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"புதுப் பாலத்துல ரயில் போறதப் பாத்துட்டுப் போவோம்."

"ரயில் எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

நாற்பது நிமிடம் நின்றோம். பொய் சொல்லக் கூடாது, ரயில் வந்ததும் நானும் பார்த்தேன். நீலத் தண்ணீருக்கு மேலே மெதுவாக ஊர்ந்து போயிற்று. ஜன்னலில் இருந்த குழந்தை ஒன்று எங்களுக்குக் கை காட்டியது, மதினியும் நானும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தனுஷ்கோடி ரோட்டில் போலீஸ் தடுப்புக்கு வரும்போது மணி ஐந்து பன்னிரண்டு.

"அஞ்சுக்கு மேல விடுறதில்லம்மா. நாளைக்கு காலைல ஆறு மணிக்கு வாங்க" என்றார் போலீஸ்காரர்.

"விடு. கடல் எங்கயும் ஓடிரவா போகுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது ஓடாது. என்னைய விட்டுட்டு ஓடுன ஆளு யாருன்னுதான் எனக்குத் தெரியுமே" என்று மதினி பக்கம் பார்த்துச் சொன்னேன். மதினிக்குப் புரியவில்லை.

லாட்ஜில் இரண்டு அறை, ஒன்று ஆயிரத்து எண்ணூறு. கோயிலுக்கு நடந்து போகிற தூரம். வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றாள். நான் காவியாவைப் பார்த்தேன். கல்யாணமாகி ஐம்பத்திரண்டு வருசத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ரேசன் கடையிலும் கார்டைத்தான் காட்டுவேன். காவியா எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரையும் எழுப்பினேன். நாய் விரட்டினாலும் இன்றைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு. இட்லிப் பொட்டலம், தண்ணீர்க் கேன், துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டோம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை இருபத்தோரு கிலோமீட்டர். இப்போது கடைசி வரை தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாம். முகுந்தராயர் சத்திரம் வந்ததும் நான் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். பழைய தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவருக்குப் பின்னால் சூரியன் மேலே வந்தது. காவியா, "அப்பத்தா, அழுகிறியா?" என்றாள். மணல் விழுந்துவிட்டது என்றேன். வண்டிக் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

ஏழு மணிக்கு முனையில் இறங்கினோம். சேசுராசு வண்டியை ஓரமாக விடப் போனார். மணலில் செருப்பைக் கழற்றினோம். இரண்டு நாய் வந்து பையை மோந்து பார்த்தது.

"நாய் நிக்கிது. இட்லிப் பைய யாராச்சும் பாத்துக்கிடணும்ல" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேசியது மதினிதான்.

"ஏலே, அவள ஏன்டா பாக்குற? போன தடவைதான் பயந்துக்கிட்டு வரலைன்னுட்டா. இப்பத்தான் ஆசையா வந்திருக்கா. போகட்டும், நான் இருக்கேன் பைக்கு."

"யாரு பயந்தா?" என்றேன். முப்பத்தேழு வருசத்தில் மதினி முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி.

"நீதான்த்தா. கடலக் கண்டா மயக்கம் வருதுன்னு சொன்னியாம்ல. வேன்ல ஏறும்போது இவன்தான் சொன்னான்."

"நான் சொல்லல. நீங்கதான் என்னையப் பையப் பாத்துக்கிடச் சொன்னதாச் சொன்னாரு."

"நானா? எந்தலைல அடிச்சுச் சொல்றேன், நான் ஒன்னையத் தேடுனேன் பஞ்சு. அதனாலதான முந்தியில சிப்பி அள்ளிக்கிட்டு வந்து ஒங்கையில குடுத்தேன். பயந்த புள்ள, கடல்ல கெடந்ததையாச்சும் தொட்டுப் பாக்கட்டும்னு."

இரண்டு பேரும் திரும்பினோம். என் வீட்டுக்காரர் கடலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காவியா, அந்தா பாரு இலங்கை தெரியிது."

"தாத்தா, அது படகு."

"ஏலே!" என்றார் மதினி. எழுபத்து நாலு வயது மனிதர் அந்தச் சத்தத்துக்குத் தோளைக் குறுக்கினார்.

"ஒரு எடம் கொறஞ்சுச்சுக்கா" என்றார். "ஒண்ணு நான் நிக்கணும், இல்ல அவ நிக்கணும். ஒன் பேரச் சொன்னா அவ எதுத்துப் பேச மாட்டா. எனக்கும் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

 மதினி சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. காவியா போனை எடுத்தாள். அதைப் படம் பிடிக்காதே என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஐந்து பேர் செருப்பையும் என் கையால் வரிசையாக என் வீட்டுக்காரர் முன்னால் அடுக்கினேன். வண்டியை விட்டுவிட்டு வந்த சேசுராசு கழற்றியதையும் சேர்த்துத்தான். அவரை மணலில் உட்கார வைத்து, இட்லிப் பையை மடியில் வைத்தேன்.

"பாத்துக்குங்க. நாங்க வந்த பெறகு நீங்க போவீங்களாம்" என்றேன்.

மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த மணலில் எங்கள் நடைக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. முனையில் ஒரு பக்கம் அலை உருண்டு வந்து அடித்தது, இன்னொரு பக்கம் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. வடக்கே இருப்பதைப் பெண் கடல், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்று சொல்வார்கள் என்றார் சேசுராசு.

"பொம்பளக் கடல்தான சாதுவா இருக்கும்பாக? இன்னைக்கு அதுதான இந்தச் சீறு சீறுது?" என்றார் மதினி.

"வாடைக் காத்து நேரம்மா. தை மாசத்துல அது அப்படித்தான். ஆனி ஆடியில தெக்க இருந்து கச்சான் காத்து அடிக்கும்போது ஆம்பளக் கடல் சீறும். மொற வச்சுக்கிட்டுச் சீறுங்க."

இரண்டு கடலும் சேருகிற இடத்தில் கணுக்கால் நனைகிற மட்டும் நின்றோம். ஒரு அலை இடது காலில் பட்டது, ஒரு அலை வலது காலில் பட்டது. இரண்டும் ஒரே குளிர்ச்சிதான். மதினி குனிய முடியாமல் குனிந்து ஒரு சிப்பியை எடுத்து என் கையில் வைத்தார். அன்றைக்கு அவர் கொடுத்த சிப்பிகளைப் பாம்பன் பஸ் நிறுத்தத்தில் கொட்டியவள் நான். அதை அங்கே சொல்லவில்லை. இதைக் காவியா படித்துக் காட்டும்போது அவர் தெரிந்துகொள்ளட்டும்.

நாங்கள் திரும்பி வரும்போது இட்லியில் மூன்று குறைந்திருந்தது. நாய் தின்றுவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். அவர் மீசையில் சட்னி இருந்தது.

அன்றைக்கே ஒன்பதரைக்குக் கோயிலில் இருபத்திரண்டு கிணற்றுத் தீர்த்தமும் ஆடினோம். சீட்டு நாங்கள் போனபோது ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். வாளியால் தலையில் ஊற்றும்போது மதினியும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். மாற்றுத் துணிப் பையோடு வெளியே உட்கார்ந்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாமல் அவரே போய் உட்கார்ந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். அபிராமத்திலிருந்து நேர்வழியில் போனால் நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்குள் ராமேஸ்வரம் வந்துவிடும். கடலோரமாகச் சுற்றிப் போனதில் எங்களுக்கு நூற்று எழுபத்திரண்டு ஆயிற்று. சுற்றியே போங்கள். அரிச்சல்முனைக்குக் காலையில் போவது நல்லது, வெயிலும் கூட்டமும் குறைவு. அங்கே கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள், இழுக்கும். நாய்க்குத் தனியாக நாலு பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு சாமி பார்க்க விட மாட்டார்கள், மாற்றுத் துணி கட்டாயம். முழங்கால் வலிக்காரர்கள் மணலில் பிடித்துக்கொள்ள ஒரு தோளைக் கூட்டிப் போங்கள். பைக்குக் காவல் யார் என்பதைக் கிளம்பும் முன்னால், எல்லோரும் இருக்கும்போது, வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வந்து சொல்ல விடாதீர்கள்.

கமுதியில் மதினியை இறக்கிவிடும்போது, "வர்ற வெள்ளிக்கெழம வீட்டுக்கு வாங்க மதினி, உக்காந்து சாப்புட்டுத்தான் போகணும்" என்றேன். வந்தார். விரால் மீன் குழம்பு வைத்தேன். முப்பத்தேழு வருசத்துக்கும் சேர்த்துப் பரிமாறினேன்.

மதினியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் அத்தனை வருசக் கோபம் எங்கே போகும்? இடம்தான் மாறியிருக்கிறது. நான் மன்னிக்காத ஆள் ஒருவர் உண்டு. இப்போது பக்கத்து அறையில் மிச்சத் தொதலைத் தின்றுகொண்டிருக்கிறார். உடம்பு திடமாக இருக்கிறது, ஒரு தடவை எழுதினால் ஆயுசு ஒன்றும் குறையாது. அவர் பெயர் கருப்பையா.