வாசலில் வைக்காத வில்லோ

வருடம் முழுக்க வெயிலும் மழையுமான எங்கள் ஜொகூரில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கும்போது அது அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். குளிர்நாட்டிலிருந்து வரும் வில்லோ கிளைகளைத்தான் சொல்கிறேன். இலையே இருக்காது, குச்சி நெடுகப் பழுப்பு மொட்டுகள். தோலை நகத்தால் உரித்தால் உள்ளே பூனைக்குட்டியின் காது மாதிரி வெள்ளிநிறப் பஞ்சு. நான் வேலை பார்த்த உலு திராம் பூக்கடையில் அதை உரித்தே என் நகமெல்லாம் தேய்ந்தது.

முதலாளியம்மா எதிரே உட்கார்ந்து உரிப்பார். பெக்கோக்கில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனப் பெண்மணி; தமிழில் என்னைவிட நன்றாக வம்பளப்பார். அவருடைய அப்பாவின் ஊரில் வில்லோவில் கூடை முடைவார்களாம், தலைவலிக்குப் பட்டையைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். வசந்தத்தில் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாளில் ஒரு கிளையை வாசலில் செருகிவிட்டால் ஆவி எதுவும் வீட்டுக்குள் நுழையாதாம். அப்படியானால் நம் கடைப்பக்கம் ஒரு பேயும் தலைகாட்டாது என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

பிறகு அவருடைய ஒரே மகன் போனான். சிங்கப்பூர் வேலைக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், மழையில் லாரியில் மோதிவிட்டான். துக்க வருடம் கழிந்து வந்த பெருநாளுக்கு, கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் அவருடைய மகள் அதிர்ஷ்டத்துக்காக ஒரு ஜாடி நிறைய வில்லோவை வைத்தாள். முதலாளியம்மா அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் வைத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்கு அது அதிர்ஷ்டம் லா, தங்கச்சி. எனக்கு வேணாம். இத வாசல்ல வச்சா என் பையன் எப்படி உள்ள வருவான்?"

அதன்பின் கடையில் சிரித்துச் சிரித்து விற்பார்; சாயங்காலம் உடையில் ஒட்டிய பஞ்சைத் தட்டி உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். பார்க்கப் பயமாகவும் பாவமாகவும் இருக்கும். செத்தவன் எங்கே வரப்போகிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

முதலாளியம்மாவும் காலமாகிவிட்டார். போன வருடம் என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழவில்லை. கருமாதி முடிந்ததும் அவருடைய அண்ணன் எங்கள் நிலைவாசலில் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டினார்.

"ஆயுசு முடியாம போனவன்மா. இங்கயே சுத்திக்கிட்டு இருப்பான். பிள்ளைங்க இருக்கிற வீடு."

என் நல்லதுக்குத்தான் செய்தார். தலையாட்டினேன். எல்லோரும் கிளம்பிய பிறகு நாற்காலி போட்டு ஏறி, கட்டியதை அவிழ்த்தேன். உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

இன்றுவரை அந்த வாசலில் எதையும் கட்ட விடவில்லை. அவர் இன்னும் வரவில்லை.